கழிவுப்பாகுக்கு வந்த வாழ்வு

வா பேராண்டி, உள்ள வந்து உக்காரு. திண்ணையில வேணாம், இந்தத் தெருவுல சுவத்துக்கு மட்டுமில்ல, தூணுக்கும் காது உண்டு. உங்க ஆயா கோயிலுக்குப் போயிருக்கா. இன்னைக்குக் கூழ் ஊத்துறாங்க, வர ஒரு மணி நேரமாவது ஆகும். பையில கிளிங்குனு என்னமோ சத்தம் கேட்டுச்சே, எடு வெளிய. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்னு உங்கம்மாகிட்ட சொல்லு. எங்கிட்ட வேணாம்.

அடேங்கப்பா! புட்டியாடா இது? கல்யாணப் பொண்ணைக்கூட இப்படி சோடிக்க மாட்டாங்க. கழுத்துல குஞ்சம், உடம்பெல்லாம் தங்க எழுத்து, நெத்தியில 21னு ஒரு நம்பர். விலை என்ன? ஆறாயிரமா? நல்லா இருடா. ஒரு டன் கரும்பை வெட்டி, கட்டி, வண்டி ஏத்தி, ஆலை வாசல்ல ராத்திரி பூரா காத்துக் கெடந்து கொட்டினா உங்கப்பனுக்கு வர்றது அதுல பாதியும் கொஞ்சம் சில்லறையும்.

ஃபோனைப் பார்த்து என்ன படிக்கிற? வெனிலா, உலர்ந்த அத்தி, புகையிலை, பழைய தோல். சரி. அத்திப்பழம் கடைசியா எப்ப தின்ன? தோல்னா எந்தத் தோலு, புதுச் செருப்பா, மழையில நனைஞ்ச செருப்பா? மூக்குல ஏறாததை எல்லாம் ஃபோன் சொல்லுதுன்னு தலையாட்டுற. நாளைக்குக் கட்டிக்கப் போறவ முகத்தையும் ஃபோன்ல பார்த்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்ப போல.

குடிக்காதன்னு நான் சொல்ல மாட்டேன்டா. சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. 31 வருஷம் சர்க்கரை ஆலை டிஸ்டிலரியில ஊறல் தொட்டி காத்தவன் நான். உங்க ஆயாவைப் பொண்ணு பார்க்கப் போனப்ப, ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு தடவை சோப்பு போட்டுக் குளிச்சுட்டுத்தான் போனேன். அப்பவும் காபித் தட்டோட வந்தவ நிலைப்படியிலயே மூக்கைச் சுளிச்சா. சுளிச்ச மூக்கு 48 வருஷமா நேராகலை. ஆனா அந்த நாத்தம் எனக்குக் கத்துக் கொடுத்த பாடத்தை உன் ஃபோன் கொடுக்காது. ஏமாறணும்னா தாராளமா ஏமாறு. எங்க ஏமாறுறோம்னு தெரிஞ்சுக்கிட்டு ஏமாறு, அவ்வளவுதான் நான் சொல்றது.

ரம்னா என்னன்னு நினைச்ச? மிச்சம்டா. சர்க்கரைக்காரன் வேணாம்னு கழிச்சுப் போட்ட மிச்சம். அந்த மிச்சத்தை எந்த ஊர்க்காரன் என்ன பாடு படுத்தினான்கிறதுதான் ருசி.

கரும்பை நசுக்கிச் சாறெடுத்துக் காய்ச்சுறோமா? சுண்டச் சுண்டச் சர்க்கரை படியும். அதை எடுத்துட்டு, மிச்சத்தை மறுபடி காய்ச்சு, மறுபடி எடு. மூணு சுத்து ஆனப்புறம் கறுகறுன்னு, தார் மாதிரி, இனிப்பும் கசப்புமா ஒண்ணு நிக்கும். அதுலயும் கிட்டத்தட்ட பாதி சர்க்கரைதான். ஆனா நீ தலைகீழா நின்னு காய்ச்சினாலும் இனிமே படியாது. அதுதான் மொலாசஸ். சர்க்கார் தாள்ல கழிவுப்பாகு. ஒரு டன் கரும்புல 100 கிலோ சர்க்கரை வந்தா இது ஒரு 40, 45 கிலோ வரும். கழிவுன்னு பேரு இருக்கேன்னு இளக்காரமா நினைச்சுடாத. அமெரிக்காவுல பாஸ்டன் ஊருல 1919 ஜனவரி 15ஆம் தேதி ஒரு மொலாசஸ் தொட்டி வெடிச்சு, பாகு தெருவுல அலையா எழும்பி ஓடி 21 பேரைக் கொன்னுச்சு. மனுஷன் பாகுல முழுகிச் செத்த கதை வேற எங்கயும் நான் கேட்டதில்ல.

இந்தக் கெட்டிப் பாகுல ஈஸ்ட் பிழைக்காது. தேன்ல பூஞ்சை பிடிக்குதா? அந்த மாதிரிதான். மூணு நாலு பங்கு தண்ணி ஊத்தித் தளர்த்தணும். அப்புறம் ஈஸ்ட்டை விட்டா, கொஞ்ச நேரத்துலயே தொட்டி முணுமுணுக்க ஆரம்பிச்சுடும். ராத்திரி ஷிப்ட்ல தனியா நிக்கிறப்ப, பக்கத்து ரூம்ல பங்காளிங்க கூடிச் சொத்துப் பிரிக்கிற மாதிரி ஒரு கிசுகிசுப்பு. மேல நுரை பொங்கும், தொட்டி சுடும், நம்ம சட்டை புளிக்கும். உள்ள கரியமில வாயு நிறைஞ்சிருக்கும். கழுவ இறங்குறதுக்கு முன்னாடி விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்போம். விளக்கு அணைஞ்சா அன்னைக்கு யாரும் இறங்க மாட்டோம். ஒண்ணரை நாள், ரெண்டு நாள்ல கிசுகிசுப்பு அடங்கிடும். இப்ப அது நூத்துக்கு ஏழெட்டுப் பங்கு போதை உள்ள ஒரு புளிச்ச தண்ணி, கள்ளுக்குக் கொஞ்சம் அக்கா.

அப்புறம் காய்ச்சு. ஆல்கஹால் 78 டிகிரியில கொதிக்கும், தண்ணிக்கு 100 வேணும். முன்னாடி கிளம்புறவனைப் பிடிச்சுக் குளிர வச்சா சாராயம். முதல்ல வர்றது தலை, மூக்கைப் பொசுக்கும். கடைசியில வர்றது வாலு, ஈரச் சாக்கு நாத்தம். நடுவுல வர்றதுதான் சரக்கு. எங்க வெட்டணும்னு தெரிஞ்சவன் தொழிலாளி, தெரியாதவன் முதலாளி. ஆமா, ஒண்ணு சொல்லிடறேன். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தாங்களே, தலையை ஒழுங்கா வெட்டலைன்னு இல்ல. ஆலைகளுக்குன்னு இருக்கிற மெத்தனாலைச் சரக்குல கலந்து வித்தானுங்க. ஊறலுக்கு அந்தப் பாவத்துல பங்கே கிடையாது.

பானையிலேருந்து வந்த சரக்கு என்ன நிறம்? ஆத்துத் தண்ணி நிறம். ஜமைக்காவோ கியூபாவோ, எல்லாக் குழந்தையும் பொறக்கிறப்ப வெள்ளைதான். உன் புட்டி இப்படிக் கறுத்துக் கெடக்கே, அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல இதைப் பெருசாக் காய்ச்சினது பார்படோஸ் தீவுல, 17ஆம் நூத்தாண்டு நடுவுல. சர்க்கரைத் தோட்டம் போட்டவன் வெள்ளைக்காரன். வெட்டினதும் நசுக்கினதும் காய்ச்சினதும் ஆப்பிரிக்காவுலேருந்து சங்கிலி போட்டுக் கொண்டாந்த அடிமைங்க. அந்தக் காலத்துச் சரக்குக்கு வெள்ளைக்காரன் வச்ச பேரு பிசாசுக்கொல்லி. அமெரிக்காவுல நியூபோர்ட்டுனு ஒரு துறைமுகம். தீவுலேருந்து மொலாசஸ் அங்க போவும், ரம்மாகிக் கப்பல் ஏறும், ஆப்பிரிக்கா போவும், அதைக் கொடுத்து ஆளை வாங்கி, அந்த ஆளைத் திரும்பத் தீவுல வித்து, மறுபடி மொலாசஸ் வாங்குவான். அடிமை காய்ச்சின பாகே ரம்மாகி அவன் தம்பியை விலைக்கு வாங்குது. இதுல நையாண்டி பண்ண எனக்கு ஒண்ணும் இல்லடா.

பார்படோஸ்ல இன்னைக்கு நிதானமான ரம் வருது. பானையில காய்ச்சினதும் கோபுரம் மாதிரி தூண்ல காய்ச்சினதும் கலந்து, எதுவும் துருத்திக்காம. மவுண்ட் கே தோட்டத்துக்கு 1703லேயே பத்திரம் இருக்காம். நம்ம ஊருல 1970 பத்திரமே கரையான் தின்னுடுச்சு.

ஜமைக்காவுக்கு வருவோம். நான் அங்க போனதில்ல. ஆனா ட்ரெலானி ஜில்லாவுல ஹாம்ப்டன்னு ஒரு பழைய எஸ்டேட் இருக்கு. கண்ணைக் கட்டி அங்க இறக்கி விட்டாலும் வேலைக்கு வந்துட்டேன்னு நேரா கையெழுத்துப் போடப் போயிடுவேன். அப்படி ஒரு நாத்தத்தை வளர்த்து வச்சிருக்காங்க. காய்ச்சி முடிஞ்சதும் பானை அடியில ஒரு புளிச்ச தண்ணி தங்கும். நாங்க ஸ்பென்ட் வாஷ்னு சொல்லுவோம். அதை வாய்க்கால்ல விட்டா ஊரே மறியல் பண்ணும். ஜமைக்காக்காரன் அதுக்கு டன்டர்னு பேரு வச்சு, வீட்டு மாப்பிள்ளை மாதிரி பத்திரமா வச்சுக்கிறான். அடுத்த ஊறல்ல கலக்குறான். உங்க ஆயா நேத்து மாவுல ஒரு கரண்டி எடுத்து இன்னைக்கு மாவுல போடுவா பாரு, அதே கணக்கு. அது போதாதுன்னு தனியா ஒரு சேத்துக்குழி. டன்டரும் சக்கையும் மக்குற கழிவும் போட்டு, பாக்டீரியாவைப் பண்ணை வச்சு வளர்க்கிறான். ஈஸ்ட்டும் கடையில வாங்குறதில்ல. காத்துல வர்றது, மரத் தொட்டியில தங்கியிருக்கிறது, எது வந்தாலும் வா. எங்களுக்கு ரெண்டு நாள்ல முடியுற ஊறல் அவனுக்கு ரெண்டு மூணு வாரம் இழுக்கும்.

அந்தக் குழியில இருக்கிற அமிலத்துல ஒண்ணு பியூட்டிரிக். கெட்டுப்போன வெண்ணெய் நாத்தம், குழந்தை கக்கின நாத்தம். அது பானைக்குள்ள சூட்டுல ஆல்கஹாலோட சேர்ந்து எஸ்டர்னு ஒண்ணா மாறுது. மாறினப்புறம் என்ன வாசம் தெரியுமா? அன்னாசிப்பழம். நான் பொய் சொல்லலடா, வேதியியல் படிச்சவனைக் கேளு. எங்க ஆலையில இருந்த கெமிஸ்ட் ஒரு சின்னச் சீசாவைத் திறந்து எங்கிட்ட நீட்டினார். முதல் மோப்பத்துல அன்னாசி, அதுக்கு அடியில நல்லா கனிஞ்ச வாழை, அதுக்கும் அடியில நகப்பூச்சு அழிக்கிற மருந்து. அந்த மூணும் வரிசையா வந்துச்சு, தேர் பின்னால சப்பரம் வர்ற மாதிரி. உன் ஃபோன் சொன்ன அத்திப்பழத்தை விட அந்த அன்னாசி நிஜம்.

ஜமைக்காவுல எஸ்டரை அளந்து தரம் பிரிக்கிறான். உச்சத் தரத்துல 100 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 1,600 கிராம் வரைக்கும் போவும். அதை யாரும் நேரா குடிக்கிறதில்ல. 19ஆம் நூத்தாண்டு கடைசியில ஜெர்மனிக்காரன் வெளியூர் ரம்முக்கு வரியை ஏத்தினான். ஏத்தினானா, வியாபாரி சும்மா இருப்பானா? நாத்தம் அதிகமுள்ள ரம்மைக் கொஞ்சமா இறக்கி, உள்ளூர்ல காய்ச்சின வெறுஞ்சாராயத்துல கலந்து வித்தான். இன்னைக்கும் அங்க அந்தக் கலப்பு இருக்கு. அதுல நூத்துக்கு 5 பங்கு நிஜ ரம் இருந்தாப் போதும்னு சட்டம். பெருங்காயம் மாதிரி வச்சுக்கயேன். ஜமைக்கா ரம் இப்படி நாறுறதுக்குப் பாதி காரணம் அந்த மண்ணு, மீதி காரணம் ஜெர்மனி வரி ஆபீஸ்.

அதே ஜமைக்காவுல ஆப்பிள்ட்டன்னு இன்னொரு எஸ்டேட். அங்க எந்தப் பீப்பாயோட எந்தப் பீப்பாயைக் கலக்கணும்னு முடிவு பண்ற பதவிக்கு 1997ல ஜாய் ஸ்பென்ஸ்னு வேதியியல் படிச்ச ஒரு அம்மா வந்தாங்க. ரம் உலகத்துல அந்த நாற்காலியில முதல்ல உக்காந்த பொம்பளை. நான் ஆச்சரியப்படலை. நீ மொட்டை மாடியில எதைக் குடிச்சன்னு கூடத்துல உக்காந்துக்கிட்டே சொல்ற மூக்கு நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்குதே.

இதுக்கு நேர் எதிர் கியூபா. ஸ்பெயின்லேருந்து பிழைக்க வந்த ஒயின் வியாபாரி ஃபக்குண்டோ பக்கார்டி, 1862ல சாண்டியாகோவுல ஒரு பழைய டிஸ்டிலரியை வாங்கினார். கூரையில வவ்வால் தொங்குச்சு, அதையே முத்திரையாக்கிட்டாரு. ஊரெல்லாம் முரட்டுச் சரக்கா இருந்தப்ப, இவரு கரியில வடிகட்டி, நாத்தத்தை எல்லாம் உருவிட்டு, வெளுத்த வேட்டி மாதிரி ஒரு ரம்மைக் கொண்டாந்தாரு. பணக்காரன் வீட்டு மேசையில ரம் ஏறினது அதுக்கப்புறம்தான். 1960ல காஸ்ட்ரோ சர்க்கார் எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு. குடும்பம் வவ்வாலைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிடுச்சு.

இந்த லேசான ரம்முக்குப் பானை சரிப்படாது, கோபுரம் வேணும். அடுக்கடுக்காத் தட்டு வச்ச உயரமான தூண். கீழேருந்து நீராவி, மேலேருந்து ஊறல், நடுவுல மல்லுக்கட்டு. நிறுத்தாம ஓடும், 95 சதவீதம் வரைக்கும் சுத்தமா வரும். இதுக்கு 1830ல காப்புரிமை வாங்கினவன் அயர்லாந்துக்காரன் ஈனியஸ் காஃபி. அவன் தொழில் என்ன தெரியுமா? கலால் அதிகாரி. கள்ளச்சாராயம் பிடிக்கப் போய்க் கும்பல்கிட்ட மண்டை உடையுற அளவுக்கு அடி வாங்கினவன். கடைசியில பிடிக்கிறதை விடக் காய்ச்சுறது மேல்னு முடிவு பண்ணிட்டான் போல. நான் அந்த மாதிரி கோபுரத்துக்கு அடியிலதான் 31 வருஷம் நின்னேன். சுத்தம் ரொம்பச் சுத்தம். ஆனா ரொம்பச் சுத்தமானா எதுல காய்ச்சினதுன்னே தெரியாம போயிடும்டா.

பிரெஞ்சுக்காரன் தீவு மார்த்தினிக். அங்க மொலாசஸே வேணாம், கரும்புச்சாறையே நேரா ஊற வைக்கிறான். ஏன், பெரிய மனசா? ஐரோப்பாவுல பீட்ரூட் சாதிக் கிழங்குலேருந்து சர்க்கரை எடுக்கக் கத்துக்கிட்டானுங்க. கரும்புச் சர்க்கரை விலை குப்புற விழுந்துச்சு. விக்காத சர்க்கரையை எதுக்குக் காய்ச்சணும், சாறா இருக்கிறப்பவே சாராயமாக்கிடுவோம்னு இறங்கிட்டான். கடனாளியா பொறந்த ருசிடா அது. ஆனா ருசின்னா அப்படி ஒரு ருசியாம். வெட்டுன கரும்புச் சோகை, பச்சைப்புல், கொஞ்சம் மிளகுன்னு எழுதுறாங்க. அதை மட்டும் நான் நம்புறேன். ஏன்னா பஸ் ஸ்டாண்டுல கரும்புச்சாறு வண்டிக்காரன் கிளாஸ் கழுவின வாளியைச் சாயங்காலம் மோந்து பார்த்திருக்கேன். மத்தியானம் புழிஞ்ச சாறு பொழுது சாயுறதுக்குள்ள புளிக்கும். அதனால அவன் வருஷம் பூரா காய்ச்ச முடியாது. வெட்டு நடக்கிற மாசங்கள்ல, வெட்டின சூட்டோட நசுக்கி ஊற வைக்கணும். மொலாசஸ்னா தொட்டியில கெடக்கும், கப்பல் ஏறும், எந்த ஊருக்கும் போவும். 1996லேருந்து பிரெஞ்சு சர்க்கார் அந்த ரம்முக்கு ஒயினுக்குத் தர்ற மாதிரி ஊர் முத்திரை கொடுத்திருக்கு.

அந்தத் தீவுல சாம்பியேர்னு ஒரு பட்டணம், ரம் வியாபாரத்துக்கே தலைநகரம். 1902 மே 8 காலையில எரிமலை வெடிச்சு கிட்டத்தட்ட 28,000 பேர் நிமிஷத்துல போயிட்டாங்க. அதே பட்டணத்துத் துறையிலதான் 1853 மே மாசம் ஓரெலின்னு ஒரு கப்பல் வந்து நின்னுச்சு. இறங்கினது யாரு? நம்ம ஆளுங்க. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துலேருந்து ஏறினவங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடிதான் அடிமைத்தனம் ஒழிஞ்சிருந்துச்சு, கரும்பு வெட்ட ஆள் வேணும். எழுதப் படிக்கத் தெரியாதவன் கைநாட்டு வச்சு ஒப்பந்தம். போனவங்க கையில என்னத்தைக் கொண்டு போனாங்க, சாமியைத்தான். மாரியம்மனை அங்க மாரியெமேன்னு கூப்பிடுறாங்க. மதுரைவீரன் பேரு தேய்ஞ்சு தேய்ஞ்சு மல்தெவிலின் ஆயிடுச்சு. அவருக்குப் படையல்ல இன்னைக்கும் ரம் உண்டு. இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியன் தீவுலயும் அப்படித்தான். நம்ம ஏரிக்கரையில நிக்கிறவருக்குச் சாராயமும் சுருட்டும் வைக்கிறோமே, கடல் தாண்டிப் போனாலும் சாமி பழக்கத்தை மாத்திக்கலை. அந்த ஊர்ல என்ன கெடைச்சுதோ அதை ஏத்துக்கிட்டாரு.

தென் அமெரிக்கா ஓரத்துல கயானா. அங்க டெமராரா ஆத்தங்கரையில டயமண்ட்னு ஒரு டிஸ்டிலரி. மரத்துல செஞ்ச பானை இருக்குடா! செம்பு இல்ல, மரம். கிரீன்ஹார்ட்னு அந்த ஊரு மரம், தண்ணியிலயும் மக்காது. அடுப்பு மூட்டினா எரிஞ்சுடாதான்னு கேக்குற முகமா இருக்கே உனக்கு; நீராவியை உள்ள விட்டுத்தான் கொதிக்க வைக்கிறாங்க. முன்னாடி தோட்டத்துக்குத் தோட்டம் தனிப் பானை இருந்துச்சு. ஒவ்வொரு ஆலையா மூட மூட, பானையைக் கழட்டி அடுத்த ஆலைக்குக் கொண்டு போய், கடைசியில எல்லாக் கிழமும் டயமண்ட்ல வந்து சேர்ந்துச்சு. பலகை இத்துப்போனா மாத்துவாங்க. நம்ம கோயில் தேருக்கு அச்சு மாத்துறோம், சக்கரம் மாத்துறோம், தேர் அதே தேர்தானே? பானைக்கு இன்னும் பழைய தோட்டத்துப் பேருதான். அதுல ஒண்ணு போர்ட் மொரான்ட். அதிமதுரம் மாதிரி கறுத்த, எண்ணெய்ப் பிடிச்ச கனமான சரக்கு வரும். அந்தத் தோட்டத்துக் குடியிருப்புல பொறந்தவர்தான் ரோகன் கன்ஹாய், வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர். கவாஸ்கர் தன் மகனுக்கு ரோகன்னு அவரு பேரைத்தான் வச்சாரு. 1838லேருந்து நம்ம நாட்டு ஆளுங்க அங்க கரும்பு வெட்டினாங்க. மெட்ராஸ் துறைமுகத்துலேருந்தும் கப்பல் கப்பலாப் போனாங்க. அங்கயும் காளியம்மா கோயிலு, அங்கயும் மதுரைவீரன், அங்கயும் ரம்.

இந்தக் கயானாச் சரக்கை மொத்தமா வாங்கினவன் யாரு, இங்கிலீஷ்காரன் கடற்படை. மாலுமிக்கு நாளைக்கு அரை பைண்ட் ரம் ரேஷன், கிட்டத்தட்ட கால் லிட்டர். நம்ம கடையில குவார்ட்டர் 180 மில்லிதான். அதுக்கே நம்மாளு மின்கம்பத்தோட பேசுறான். பாய்மரத்து உச்சியில ஏறி நிக்கிறவன் கதி என்ன? 1740ல வெர்னன்னு ஒரு அட்மிரல் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி கலக்கச் சொன்னார். மாலுமிங்க அவரை அன்னைக்கு என்ன திட்டினாங்களோ, அவரு போட்ட கோட்டுத் துணி பேரை வச்சு அந்தத் தண்ணிச் சரக்குக்கு கிராக்னு பட்டப்பேரு வச்சுட்டாங்க. ரேஷன் ஒரு வழியா நின்னது 1970 ஜூலை 31. அன்னைக்குக் கையில கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டு துக்கம் அனுசரிச்சானுங்களாம். நம்ம ஊரு ரேஷன் கடையில மண்ணெண்ணெயை நிறுத்தினப்ப யாரு கறுப்புப் பட்டை கட்டினா?

சரி, உன் புட்டிக்கு வருவோம். நெத்தியில இருக்கிற 21.

வெள்ளையாப் பொறந்த சரக்கை ஓக் மரப் பீப்பாயில போட்டுக் காக்க வச்சாத்தான் நிறமும் வெனிலா வாசமும் ஏறும். அமெரிக்காக்காரன் தன் போர்பன் சாராயத்துக்குப் புதுப் பீப்பாய்தான் போடணும்னு சட்டம் வச்சிருக்கான். ஒரு தடவை போட்டதை என்ன பண்ணுவான்? கரீபியனுக்கு வித்துடுவான். மிச்சத்தை மிச்சத்துலயே ஊற வைக்கிற கதை. பீப்பாய் மரம் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போயிட்டே இருக்கும். ஸ்காட்லாந்து குளிர்ல வருஷத்துக்கு 2 சதவீதம் போனா, அந்த வெயில் தீவுங்கள்ல 6, 7 போவும். எந்த ஆவி குடிச்சுதோ! கணக்குப் போடு, நீதான் கம்ப்யூட்டர் ஆச்சே. வருஷத்துக்கு 6னு வச்சா 12 வருஷத்துல பாதிக்கும் மேல காலி. 21 வருஷம் ஆனா நூறு லிட்டர்ல 27 லிட்டர் மிஞ்சும். அந்த 27ஐ பீப்பாய்க்காரன், கப்பல்காரன், வரிக்காரன், கடைக்காரன் எல்லாரும் தொட்டப்புறம், குஞ்சமும் கட்டி, உனக்கு ஆறாயிரத்துக்குத் தர்றானா? உன் மேல அவனுக்கு அம்புட்டுப் பாசமா?

லேபிள்ல பொடி எழுத்தைப் படி. என் கண்ணாடியைப் போட்டுக்க. சோலேராவா? அப்படிச் சொல்லு. பீப்பாயை அடுக்கி வச்சு, கீழ எடுத்தா மேலேருந்து ஊத்தி, இளசும் கிழமும் கலந்துக்கிட்டே போற முறை. முறையில தப்பே இல்ல. நானும் உங்கப்பனும் நீயும் ஒரே பஸ்ல போறோம்னு வை. வயசென்னன்னு கேட்டா என் வயசைச் சொல்லி மூணு பேருக்கும் சீனியர் சிட்டிசன் டிக்கெட் கேக்குறான் பாரு, அதுதான் இடிக்குது. ஜமைக்காவுலயும் பார்படோஸ்லயும் வயசு எழுதினா இருக்கிறதுல இளசோட வயசைத்தான் எழுதணும். உன் புட்டியில வயசுன்னு எழுதியிருக்கா? வருஷம்னு ஒரு வார்த்தை? இல்ல. வெறும் 21. கதவு நம்பரா இருக்கும்.

நிறத்தைச் சொல்றேன்னேனே. சர்க்கரையைக் கருக்கிச் சாயம் சேர்க்கலாம், அதுக்கு அனுமதி உண்டு. கறுப்பா இருந்தா வயசானதுன்னு எவன் சொன்னது? சாயம் அடிச்ச என் தலைமுடி உன்னோடதை விடக் கறுப்பு. சர்க்கரையும் போடுவான். ஐரோப்பாவுல 2019ல கொண்டாந்த விதிப்படி லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல கூடாது. இப்ப உள்ளங்கையை நீட்டு. மூணு சொட்டு விடு. ரெண்டு கையையும் சேர்த்துப் பரபரன்னு தேய். மோந்து பாரு முதல்ல. என்ன வருது? கேக்கு. சரி, இன்னும் தேய். காயட்டும். இப்ப கையைப் பிரி. ஒட்டுதா? பிசுபிசுன்னு ஒட்டுதுல்ல? பஞ்சாமிர்தம் தின்ன கை மாதிரி. நல்ல ரம் காஞ்சா கை சும்மா காஞ்சு கெடக்கும், வாசம் மட்டும் நிக்கும். உன்னோடதுல வாசம் போயிடுச்சு, சர்க்கரை நிக்குது. சர்க்கரையைப் பிரிச்செடுத்துட்டுக் கழிச்ச பாகுல காய்ச்சி, அதுல மறுபடி சர்க்கரையைப் போட்டு, உங்கப்பன் டன் விலைக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா உன் தலையில கட்டிட்டான். திறமைசாலிடா.

முகத்தைத் தொங்கப் போடாத. உன் மாமன் விஸ்கிதான் குடிப்பேன்னு ரம் குடிக்கிறவனை இளக்காரமாப் பார்ப்பானே, அவனை விட நீ தேவலை. நம்ம ஊரு மலிவு விஸ்கில பெரும்பாலும் இருக்கிறது என்ன? நான் காத்த தொட்டியில ஊறின அதே மொலாசஸ் சாராயம்தான். அதுக்கு விஸ்கி வாசம் காட்டிப் புட்டியில அடைக்கிறான். தானியத்துல காய்ச்சாததை விஸ்கின்னு ஐரோப்பாவுல ஒத்துக்கவே மாட்டேங்குறான். உன் மாமன் 30 வருஷமா ரம்முக்குப் பேரை மாத்திக் குடிச்சுட்டிருக்கான். வர்ற பொங்கலுக்கு வருவான், அப்ப நான் சொல்றேன். நீ சொன்னா மரியாதையா இருக்காது.

நம்ம நாட்டு ரம்மை மட்டமாப் பேசுறதும் எனக்குப் பிடிக்காது. ஓல்டு மாங்க் 1954ல வந்துச்சு. இமயமலைப் பக்கம் கசௌலியில வெள்ளைக்காரன் ஆரம்பிச்ச பீர் ஆலையோட வம்சத்துல வந்த கம்பெனி. விளம்பரம் இல்லாமயே அரை நூத்தாண்டு ஓடிச்சு. புட்டியில 42.8னு போட்டிருக்கும், பார்த்திருக்கியா? அது ஏன் சொச்சம்? வெள்ளைக்காரன் காலத்து 75 டிகிரி ப்ரூஃப் கணக்கு அது. அவன் போயாச்சு, டிகிரி போகலை. எங்க பெரியண்ணன் பட்டாளத்துலேருந்து லீவுல வர்றப்ப கேன்டீன் ரம் கொண்டாருவாரு. ஊர் எல்லை முனீஸ்வரனுக்கு ஒரு மூடி, தொடையில சுளுக்குக்கு ஒரு மூடி, எங்களுக்கு மோப்பம். கறுப்பா, வெனிலா தூக்கலா, கொஞ்சம் முரடா இருக்கும். ஜமைக்கா அன்னாசியும் இல்ல, மார்த்தினிக் சோகையும் இல்ல. ஆனா தன்னை 21னு சொல்லிக்கிட்டதில்ல.

நம்ம பக்கத்துக்கும் பெருமை உண்டு. நெல்லிக்குப்பத்துல பாரி கம்பெனி சர்க்கரை ஆலை 1842ல வந்துட்டுது, பக்கார்டி வவ்வாலைப் பார்க்கிறதுக்கு 20 வருஷம் முன்னாடி. கரும்பும் இருக்கு, பாகும் இருக்கு, கை தேர்ந்த ஆளும் இருந்தாங்க. ஆனா அந்தப் பானைக்குள்ள அன்னாசி வரணும்னு ஆசைப்பட்ட முதலாளி எனக்கு வாய்க்கலை. சீக்கிரம் காய்ச்சு, சுத்தமாக் காய்ச்சு, லாரி நிக்குது. இப்ப எல்லாம் பாகு நிறைய எத்தனாலா மாறிப் பெட்ரோல்ல கலக்கப் போயிடுது.

வாசல்ல செருப்புச் சத்தம். ஆயா வந்துட்டா. புட்டியை அந்த நெல்லுக் குதிருக்குப் பின்னாடி வை. இல்ல, இல்ல, அங்கதான் முதல்ல தேடுவா. என் கட்டிலுக்கு அடியில தள்ளு. கையைக் கழுவு, சோப்பு போட்டுக் கழுவு, அந்த மூக்கைப் பத்திச் சொன்னேன்ல? அப்புறம், வண்டிச் சாவியை இப்படிக் கொடு. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். உன் வண்டி ஏற்கெனவே போட்டிருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு பேரும் ரோட்டுல போக வேணாம், காலையில எழுந்து வாங்கிக்க.